மெர்வின் வண்டிக்கு மூக்குக்குழாய்

மெர்வின் வாங்கிய புது பிக்கப் வண்டியில் முதலில் எதை மாற்றுவது என்று முடிவு செய்ய எங்கள் தெருவுக்குப் பதினோரு நாள் ஆனது. மெர்வினுக்கு அவ்வளவு நாள் தேவைப்படவில்லை. வண்டி வாங்குவதற்கு முன்பே அவர் முடிவு செய்துவிட்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லியிருந்தாலும் நாங்கள் கேட்டிருக்கப் போவதில்லை.

மெர்வின் மிஷன் பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் கிளார்க். ஐம்பத்தொரு வயது. அவருடைய சட்டையின் நிறத்தை மனைவி ஆன்மேரி டீச்சர் முடிவு செய்வார். மூக்குக்கண்ணாடி ஃபிரேமும் டீச்சர் தேர்வு. அவர் என்ன படிக்க வேண்டும் என்பதை அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் முடிவு செய்தார். குடியிருக்கும் வீட்டை மச்சினன் முடிவு செய்தார். முடிவெட்டப் போய் உட்கார்ந்தால்கூடக் கடைக்காரர், "டீச்சர் எம்புட்டுக் கொறைக்கச் சொன்னாக?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்திரியை எடுப்பார். மெர்வினும் சரியாக அளவு சொல்வார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத் திருமங்கலம் பக்கம் இருந்த பூர்வீக நிலத்தை விற்ற பணத்தில் பங்கு வந்தது. டீச்சர் அதில் மகள் ஜெனிஷாவின் படிப்புக்கு எடுத்தார், மாடி கட்ட எடுத்தார், மிச்சத்தைக் கணவர் பக்கம் நகர்த்தி, "ஒங்களுக்குப் பிடிச்சத வாங்கிக்கங்க" என்றார். டீச்சர் மனதில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். அதற்கு நிறம்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

மெர்வின் பிக்கப் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நாலு கதவு, பின்னால் திறந்த தொட்டி, நாலு சக்கரமும் இழுக்கும், காடு மலை எல்லாம் ஏறும். எங்கள் தெருவில் இருந்த ஒரே மலை, கேபிள் போடத் தோண்டிய மண் குவியல். வண்டி அதன்மேல் ஏறி நின்றது. வேறு இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ஃபாதர் தனிஸ்லாஸ் வந்து வண்டியை மந்திரித்தார். தீர்த்தத்தை முன்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலே நன்றாகவே தெளித்தார். டீச்சர் தன் பங்குக்கு நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அதை ஃபாதர் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டு மேலே மின்கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எதிர்வீட்டு ராமமூர்த்தியின் வாஷிங் மெஷின் அதில் ரிப்பேருக்குப் போனது. புதன்கிழமை அவருடைய சுங்குடிச் சேலை மூட்டைகள் போயின. வெள்ளிக்கிழமை யார் வீட்டு வளைகாப்புக்கோ நாற்காலிகள் போயின. நானும் ஒரு பீரோ அனுப்பினேன், மறைக்க ஒன்றுமில்லை. பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டியை ஒருவர் வாங்கி நிறுத்தினால் அது எதற்கு என்று எங்களுக்குத் தெரியாதா? மெர்வின் ஒருவரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சொல் அவரிடம் இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது.

இந்த நிலையில்தான் டீச்சர் உத்தரவு போட்டார். கிறிஸ்துமஸ் வரைக்கும் வண்டியில் ஒரே ஒரு மாற்றம். ஒன்றுக்கு மேல் பேச்சே கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் பைபாஸ் ரோட்டில் வண்டி அலங்காரக் கடை வைத்திருக்கும் அழகுபாண்டி படப் புத்தகத்தோடு வந்தான். வாசலில் நாற்காலி போட்டார்கள். நான் மல்லித்தழை வாங்க வந்தவள், அங்கேயே நின்றேன்.

"அண்ணே, மொதல்ல என்ன செய்யணும்னு சொல்லுங்க. வண்டிய ரெண்டு இஞ்சு தூக்கலாம். பெரிய டயரு போடலாம். வின்ச்சு வைக்கலாம், சகதியில மாட்டுனா தன்னால இழுத்துக்கிரும்."

"இன்னும் ரெண்டு இஞ்சு தூக்குறதா? இப்பவே ஸ்டூல் போட்டுத்தான ஏறுறேன்" என்றார் டீச்சர். அது உண்மை. நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வண்டியோடு போய் வண்டியோடு திரும்பும். "மொதல்ல ரெண்டு பக்கமும் படி வைக்கிற. அம்புட்டுத்தான்."

"படி அப்புறம் வைக்கலாம் டீச்சர்" என்றார் ராமமூர்த்தி. "பின்னாடி நாலு கம்பி நட்டு மேல ஒரு தார்ப்பாய் போட்டா மழைக்கு நல்லது."

"மழையில மெர்வின் எதுக்குண்ணே பின்னாடி ஒக்காரப் போறாரு?" என்று நான் கேட்டேன்.

"மெர்வின் இல்ல, சாமான் நனையக் கூடாதுல்ல."

யாருடைய சாமான் என்று யாரும் கேட்கவில்லை. ராமமூர்த்தியின் மனைவி சாரதாம்பாள் அவரிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். பத்தொன்பது வருடம் எதிர்வீட்டில் இருந்தும் எனக்கு அந்தப் பாஷையில் நாலு வார்த்தைதான் பிடிபட்டிருக்கிறது. அந்த நாலில் ஒன்றைக்கூட அவர் உபயோகிக்கவில்லை.

ஜெனிஷா ஸ்பீக்கர் வேண்டும் என்றாள். நான், பொதுவாக, சின்னதாக ஒரு ஏணி இருந்தால் எல்லாருக்கும் உதவும் என்று சொல்லி வைத்தேன். மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தது.

இவ்வளவும் ஆன பிறகு அழகுபாண்டிக்குத்தான் ஞாபகம் வந்தது. "வண்டிக்காரவுக வாயே தொறக்கலையே. அண்ணே, ஒங்களுக்கு என்ன வேணும்?"

மெர்வின் புத்தகத்தைத் திருப்பி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"ஸ்நார்க்கலா?" என்றான் அழகுபாண்டி.

அது ஒரு கறுப்புக் குழாய். முன்சக்கரத்துக்கு மேலே ஆரம்பித்து, கண்ணாடி ஓரமாக ஏறி, கூரை உயரத்தில் மூஞ்சியைக் காட்டிக்கொண்டு நிற்கும். வண்டி ஆழமான தண்ணீரில் இறங்கினால் எஞ்சின் அதன் வழியாக மூச்சு விடும் என்று அழகுபாண்டி விளக்கினான்.

"மூக்குக்குழாய்" என்றார் சாரதாம்பாள், இந்த முறை தமிழில்.

"மதுரையில எங்கிட்டு மெர்வின் அம்புட்டுத் தண்ணி?" என்றார் ராமமூர்த்தி. "எங்க வீட்டுக் கொழாயில வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருது."

"சும்மா கேட்டாரு. அவருக்கு எதுக்கு அதெல்லாம்" என்றார் டீச்சர்.

"எடது பக்கம் மூணு இஞ்சுக்கு ஓட்டை போடணும் டீச்சர், பொறுமையாச் செய்யணும்" என்று அழகுபாண்டி சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஓட்டையா? எங்க?"

அவன் எழுந்துபோய்க் கையை வைத்துக் காட்டினான். ஃபாதர் தீர்த்தம் தெளித்த அதே இடம்.

டீச்சர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "மந்திரிச்ச எடத்துல ஓட்டை போடுவீகளா? நல்லாருக்கே நாயம்!"

"இதுக்குத்தான் நாங்க எல்லா வேலையும் முடிச்சிட்டுக் கடைசியில பூசை போடுவோம்" என்றார் ராமமூர்த்தி. "நீங்க மொதல்லயே போட்டுட்டீங்க. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

அழகுபாண்டி படப் புத்தகத்தை மூடிக்கொண்டான். விஷயம் ஃபாதரிடம் போனது. திங்கட்கிழமை மாலை டீச்சரும் மெர்வினும் சாமியார் பங்களாவுக்குப் போனார்கள். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது, கூடவே போனேன்.

ஃபாதர் தனிஸ்லாஸ் முழுக்கக் கேட்டார். பிறகு தாடையைத் தடவினார். "மந்திரிச்ச வண்டியில ஓட்டை போடக்கூடாதுன்னு எங்கயும் சட்டம் இல்ல டீச்சர். நீங்க காதுல ஓட்டை போட்டிருக்கீக, ஞானஸ்நானம் கரைஞ்சா போச்சு?"

மெர்வின் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா" என்றார் ஃபாதர். "குழாய் எம்புட்டு ஒசரம் வரும்?"

"கூரை வரைக்கும் சாமி" என்றார் மெர்வின்.

"அங்கதான் யோசனை. இன்னும் மூணு வாரத்துல மிக்கேல் அதிதூதர் திருவிழா. இந்த வருசம் சப்பரத்த ஒங்க வண்டியிலதான் வைக்கிறதாப் பங்குப் பேரவையில முடிவாயிருச்சு."

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே சாமி" என்றார் டீச்சர், பெருமை தாங்காமல்.

"இப்பச் சொல்லிட்டேன்ல. முன்னாடி ரெண்டு மூலையிலயும் சிறகு விரிச்ச ரெண்டு சம்மனசுச் சிலை நிக்கும். எடது பக்கச் சம்மனசோட சிறகுல இந்தக் குழாய் இடிக்கும். அதுக்குப் பதிலா, சப்பரத்தக் கட்ட நாலு கொக்கி வெல்டு வச்சுக் குடுத்தீகன்னா புண்ணியம்."

டீச்சர் மெர்வினைப் பார்த்தார். மெர்வின் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது எதற்கும் ஆதாரம் ஆகாது, பழக்கம்.

ஆக, படி, தார்ப்பாய், ஸ்பீக்கர், ஏணி, கொக்கி. புதன்கிழமைக்குள் தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. படிக்கும் கொக்கிக்கும்தான் போட்டி. மூக்குக்குழாய் ஆட்டத்திலேயே இல்லை.

வியாழக்கிழமை காலை மெர்வின் வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எட்டரைக்குக் கிளம்பினார். வழக்கமாக சைக்கிளில் போகிறவர், அன்று வண்டியில் போனார். பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்து பியூன் ஏதோ கையெழுத்துக்காக வீடு தேடி வந்தபோதுதான், அவர் லீவு போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. இருபத்தேழு வருடத்தில் டீச்சருக்குத் தெரியாமல் போட்ட முதல் லீவு. வீட்டில் ஜெனிஷா மட்டும் இருந்ததால், வேறு பள்ளிக்கூடத்தில் வேலையில் இருந்த டீச்சருக்கு நான் போன் போட்டுச் சொன்னேன். யாராவது சொல்லத்தானே வேண்டும்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டி தெருவுக்குள் நுழைந்தது. இடது பக்கம் குழாய் நின்றது. மெர்வின் இறங்கி, கைக்குட்டையால் அதை ஒரு தடவை துடைத்துவிட்டு, டிபன் பாக்ஸோடு வீட்டுக்குள் போனார்.

உள்ளே சத்தம் எதுவும் வரவில்லை. அதுதான் எங்களுக்குக் கவலையாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. டீச்சர் கணவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு", "அம்மாட்டப் பசிக்கலைன்னு சொல்லு" என்று ஜெனிஷா வழியாகவே குடும்பம் நடந்தது. ஃபாதர் மட்டும் சனிக்கிழமை வந்து, குழாயைச் சாண் போட்டு அளந்து பார்த்து, "சம்மனசக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெர்வின் அதற்குத் தலையாட்டவில்லை. நின்று கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் டீச்சருடைய அக்கா வீட்டில் விருந்து. பேசாவிட்டாலும் விருந்துக்குப் போகாமல் முடியாது. டீச்சர் பட்டுச்சேலையில் வந்தார். ஸ்டூல் போட்டார். ஒரு காலை அதில் வைத்துவிட்டு, பிடிமானத்துக்குக் கையை வீசினார். கை குழாயில் பட்டது. பிடித்தார், ஒரே எம்பில் உள்ளே போய் உட்கார்ந்தார். இரண்டு வாரமாகப் பார்க்கிறேன், டீச்சர் இவ்வளவு சுளுவாக ஏறியதே இல்லை.

உட்கார்ந்தவர் குழாயைப் பார்த்தார். பிறகு கீழே நின்ற கணவரைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

"ஏங்க, நான் பிடிச்சு ஏறத்தான் இத வச்சீகளா? வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் எதுக்கு மூணு நாளா மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருக்கப் போறேன்?"

எவ்வளவு நல்ல வழி! ஒரு தலையாட்டல் போதும். லீவும் மன்னிக்கப்படும், ஓட்டையும் மன்னிக்கப்படும், கிறிஸ்துமஸுக்கு வின்ச்சுகூடக் கிடைக்கலாம். எதிர்வாசலில் சாரதாம்பாள் அவருக்காகத் தன் தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ராமமூர்த்தி பேப்பரை இறக்கினார்.

"இல்ல" என்றார் மெர்வின்.

"என்ன இல்ல?"

"ஒனக்காக வைக்கல மேரி. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. வச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைப் படிக்கிற குரல்தான். மெர்வின் டீச்சர் பக்கத்துக் கதவைச் சேலை சிக்காமல் சாத்தினார். சுற்றி வந்து ஏறினார். வண்டி கிளம்பியது.

திருமங்கலத்துக்குத் தெருமுனையில் இடது பக்கம் திரும்ப வேண்டும். வண்டி வலது பக்கம் திரும்பியது.

சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்தார்கள். சக்கரமெல்லாம் செம்மண் சகதி. டீச்சருடைய பட்டுச்சேலைக் கரையிலும் கொஞ்சம். அவர் இறங்கும்போது நான் தற்செயலாக வாசலில் இருந்தேன்.

"விருந்து நல்லாருந்துச்சா டீச்சர்?"

"விருந்துக்கு எங்க போனோம்க்கா? கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கம்மாயில தண்ணி கெடக்குன்னு கூட்டிட்டுப் போனாரு."

"போயி?"

"உள்ள விட்டாரு."

"அய்யய்யோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன, அந்தப் பக்கம் ஏறிருச்சு." டீச்சர் சேலைக் கரையைத் தூக்கிப் பார்த்தார். "திரும்ப இந்தப் பக்கம் வரணும்ல. மறுபடி விட்டாரு. நாலஞ்சு தடவ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க அக்காதான் கறி ஆறிப்போச்சுன்னு போன்ல கத்திக்கிட்டே கெடந்தா" என்றார். உள்ளே போகும்போது, "ஏங்க, வெந்நி வைக்கவா?" என்று நேராகவே கேட்டார்.

அந்தக் கண்மாயில் தண்ணீர் எவ்வளவு என்று நான் ஜெனிஷாவிடம் விசாரித்தேன். அம்மா முழங்கால் அளவு என்று சொன்னதாகச் சொன்னாள். அந்த ஆழத்துக்கு மூக்குக்குழாயே தேவையில்லை, வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இறங்கி ஏறியிருக்கும் என்று மறுநாள் அழகுபாண்டி சொன்னான்.

இதை நான் மெர்வினிடம் சொல்லவில்லை. மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.