யெய்சன் கையைத் தூக்கினான்

ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த இடுப்பு, மதிய ஆட்டம் தொடங்கும்வரை நிமிரவில்லை. யெய்சன் பௌலினோவுக்கு இருபத்து மூன்று வயது. பதினேழில் டொமினிகன் குடியரசிலிருந்து அமெரிக்கா வந்தவன், ஆறு வருஷமாகச் சின்ன லீக்குகளில் ஊர் ஊராகப் போய்ப் பேஸ்பால் வீசிக்கொண்டிருக்கிறான். அதில் ஒரு வருஷம் முழங்கை ஆபரேஷனில் போயிற்று. வலியைச் சொன்னால் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயந்து, தசைநார் அறுந்து போகும்வரை வாயைத் திறக்காமல் வீசியிருந்தான்.

இன்றைக்குப் பெரிய அணியின் ஆள் ஒருவர் வலைக்குப் பின்னால் வேகம் அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தார். மேலே, அந்தப் பெரிய அணியில், ஓர் இடம் காலி. யெய்சன், இல்லையென்றால் அவனைப் போலவே பந்து வீசும் அறைத்தோழன் பிரென்ட்.

ஐந்து இன்னிங்ஸ்வரை எதிரணி அவன் பந்தைத் தொடவே திணறியது. ஆறாவதின் முதல் பந்திலேயே முழங்கையின் உள்பக்கம் சுருக்கென்றது. அடுத்ததிலும். யெய்சன் நின்றுவிட்டான். எதிரே உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் வேட், முகமூடியைத் தூக்கிக்கொண்டு அவன் நின்று வீசும் மேட்டுக்கு வந்தான்.

"என்னடா, சிக்னல் தெரியலையா?"

"கை சரியில்ல. அதே எடம்."

வேட் கையுறையால் வாயை மறைத்துக்கொண்டான். "பின்னாடி யாரு உக்காந்திருக்கான்னு தெரியுமில்ல? இந்த இன்னிங்ஸ்ல இன்னும் மூணு பேருதான்டா. மெதுவா போடு, ஒப்பேத்திடலாம்."

"அன்னிக்கும் மூணு பேருதான்னு நெனச்சேன்."

யெய்சன் தானே, அணிக்குப் பயிற்சி தரும் மேனேஜரைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அவர் வந்து பந்தை வாங்கிக்கொண்டு அவனை வெளியே அனுப்பினார்.

ஸ்கேனில் வீக்கம் மட்டும்தான். மூன்று வாரம் ஓய்வு என்றார்கள். வியாழக்கிழமை பிரென்ட் மேலே போனான்.

"நீ போக வேண்டியதுடா," என்றான், பையில் துணியைத் திணித்துக்கொண்டே.

"போய்ச் சேரு. உன் குறட்டை இல்லாம நானும் தூங்கறேன்."

ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டாள்: "கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதாப்பா?"

"பொறுத்துப் பாத்தாச்சும்மா."

ஓய்வு முடிந்து திரும்பி வந்தபோது பந்தின் வேகம் மணிக்கு மூன்று மைல் குறைந்திருந்தது. முதல் இரண்டு ஆட்டங்களில் அவன் பந்துகள் அடி வாங்கின. பிறகு வேட்டும் அவனும் தினமும் காலையில் காலி மைதானத்தில் மெதுவான பந்தை, அடிப்பவனுக்கு வசதிப்படாத ஓரங்களில் விழவைத்துப் பழகினார்கள். அலுப்பான வேலை. யாரும் கருவி கொண்டுவந்து அளக்காத வேலை. ஆகஸ்டில் நானூறு பேர் முன்னால் எட்டு இன்னிங்ஸ் வீசினான். அடுத்த நாள் உள்ளூர் பேப்பரில் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

அடுத்த வருஷம் ஜூனில் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு மேல போற. கை எப்படி?"

"இன்னிக்கு நல்லாருக்கு கோச். சரியில்லன்னா சொல்லிடுவேன்."

"தெரியும்."

வெளியே வந்தவனை வேட் கட்டிக்கொண்டு முதுகில் அறைந்தான். யெய்சனுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். ஒன்றைக் கழற்றியதும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.