சுவரைப் பார்த்து நின்ற படம்

…அதுவும் நடு ஹாலில், வாசலில் நுழைந்தவுடன் முகத்தில் அறைகிற இடத்தில், அந்தப் படத்தை, எந்தப் படத்தை உலகத்தில் ஒரு ஈ எறும்புகூடப் பார்க்கக் கூடாதென்று நான்கு வருஷமாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேனோ அந்தப் படத்தை மாட்டி, மேலே விளக்கு வேறு போட்டு, போட்டோ எடுத்து எனக்கே அனுப்பியிருக்கிறார் கேலரிக்காரர். "மேடம், எல்லாம் மாட்டியாச்சு, நடுவுல உக்காந்திருக்கிற பெரியவர்தான் ஷோவுக்கே உயிர், நாலு மணிக்குத் திறப்பு, பத்திரமா வாங்க." விமானம் தரையைத் தொட்டு என் போனுக்கு உயிர் வந்த அதே நொடியில் எனக்கு உயிர் போயிற்று. உயிர் போனவள் எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது, இதோ பெட்டிகள் சுற்றி வரும் ரப்பர் பட்டைக்கு முன்னால் நிற்கிறேன், மணி ஒன்றரை, உலகத்தில் உள்ள அத்தனை கறுப்புப் பெட்டிகளும் வருகின்றன, என் கறுப்புப் பெட்டி மட்டும் வரவில்லை, வரும், வந்தால் தெரிந்துவிடும், போன பயணத்தில் எவனோ என் பெட்டியைத் தூக்கிப் போய், அவனுடைய பெட்டியில் இருந்த நூற்றுப் பதினோரு நாய்க் கழுத்துப் பட்டைகளோடு நான் வீடு போய்ச் சேர்ந்த கதைக்கு அப்புறம், இந்தத் தடவை கிளம்புகிற காலையில் பெட்டி மேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்புச் சாயத்தை அப்பிவிட்டேன், கீழே என் வீட்டுக்காரர் காரில் உட்கார்ந்துகொண்டு ஹார்ன் அடித்த அடியில் நாலு தெரு நாய்கள் ஊரைக் காலி செய்திருக்கும், கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தேன்… அவர்! அவரைத்தான் இப்போது பார்க்கப் போகிறேன், வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார், அந்தப் பல்லை முதலில் எண்ணிக்கொள்ளட்டும், வீட்டுக்குப் போகும்போது கணக்குக் குறையும்.

ஒரே ஒரு சட்டம். என் வாழ்க்கையில் நான் போட்டது ஒரே ஒரு சட்டம். முப்பத்தோரு வருஷம் வரைபட ஆபீசில் சாக்கடைக் குழாய்களை வரைந்தேன், நான் வரைந்த குழாய்களை நீட்டி வைத்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரலாம், அங்கே எல்லாம் அடுத்தவர் சட்டம், வீட்டில் பிள்ளைகளின் சட்டம், குக்கரின் சட்டம், துவைத்த துணி காய்கிற சட்டம். ஓய்வு பெற்ற மறுநாள் கார் நிறுத்தும் இடத்துக்கு மேலிருந்த அறையைக் காலி செய்து ஸ்டுடியோ ஆக்கினேன், அங்கேதான் என் சட்டம்: முடிந்த படம் அறையைப் பார்த்து நிற்கும், முடியாத படம் சுவரைப் பார்த்து நிற்கும், சுவரைப் பார்த்து நிற்பதைத் தொட்டால் கை இருக்காது. இதை ஏன் போட்டேன்? என் நாத்தனாரால் போட்டேன். பாதி முடிந்த ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு "அண்ணி, இது என்ன, வேகாத கிழங்கா?" என்று கேட்டாள், அந்த முகம் அவளுடையது என்று நான் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். அப்புறம் பயணங்கள்… ஓவியர் முகாம் என்று கூப்பிட்டால் போதும், பனி கொட்டுகிற ஊரா, மழையே கேள்விப்படாத ஊரா என்று கேட்பதில்லை, தூரிகைகளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன், வருஷத்துக்கு நாலு, ஐந்து. சின்னவள் தன் தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், "எங்கம்மா வீட்டுல இருந்தா மனசு ஸ்டுடியோவுல, ஸ்டுடியோவுல இருந்தா மனசு வெளியூர்ல, வெளியூர் போனா போன் பண்ணி கேஸ் மூடியாச்சான்னு கேக்குறா." சிரித்தேன் அன்றைக்கு. இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, பெட்டி வந்துவிட்டது, சிவப்பு வட்டம் பட்டையில் சூரியன் மாதிரி உதிக்கிறது, இழுத்தேன், பக்கத்தில் நின்ற ஆளின் காலில் விழுந்தது, மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை, கேட்கிற மனநிலையா இது?

நினைத்தபடியே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். பெட்டியை வாங்காமல் முழங்கையால் தள்ளுவண்டியை நெட்டிக்கொண்டு நடந்தார், நாலு வாரம் கழித்து வந்த மனைவிக்கு மரியாதையைப் பாருங்கள், காரில் ஏற்ற வேறு ஒரு போர்ட்டரைக் கூப்பிட்டார், இந்தப் பெட்டியைச் சுண்டு விரலால் தூக்கி ஏற்றுகிற மனிதர், சோம்பேறித்தனம் முற்றிவிட்டது, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வேண்டாம், நேரே கேலரிக்கு விடுங்கள் என்றேன். "குளிச்சிட்டுப் போலாமே" என்றார். நான் பார்த்த பார்வையில் கார் தானாகக் கிளம்பியிருக்க வேண்டும்.

"ஏங்க, நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"ரூமைப் பார்த்து நிக்கிறதை எல்லாம் அனுப்புங்க, சுவரைப் பார்த்து நிக்கிறதைத் தொடாதீங்கன்னே. பன்னெண்டு நின்னுச்சு. பன்னெண்டையும் அனுப்பிட்டேன்."

"பதினொண்ணு!"

"பன்னெண்டும்மா. முப்பத்தஞ்சு வருஷம் லேத் பட்டறையில எண்ணி அடுக்கினவன். எனக்கு எண்ணத் தெரியாதா?"

"உங்க படம்னுகூடவா தெரியல?"

"தெரிஞ்சுதே. சந்தோஷமாகூட இருந்துச்சு. ஒருவழியா முடிச்சிட்டா போலன்னு நெனச்சேன்."

"அதுல கையே இல்லையே!"

"பார்த்தேன். நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்னு ஊருக்குச் சொல்ற போலன்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, இது ஏதோ பெரிய நகைச்சுவை மாதிரி ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார், பின்னால் வந்த பஸ் அலறியது. இந்த மனிதரோடு முப்பத்தெட்டு வருஷம்! எனக்குச் சிலை வைக்க வேண்டாமா? உங்க தங்கச்சி வந்து திருப்பியிருப்பாள், அவளுக்குத்தான் நோண்டுகிற வியாதி என்றேன். "அவ வந்தே ரெண்டு மாசமாச்சு. மூட்டு வலியில கட்டில் ஏறவே ஏணி கேக்குறா, மாடி ஏறுவாளா?" அப்படியானால் காற்று. "நீ ஜன்னலைச் சாத்திட்டுத்தான போன." அப்படியானால் பேய். "பேயா இருந்தா சாயம் வாசனைக்கே ஓடியிருக்கும்." சிக்னலில் நின்றோம், சிவப்பு விளக்கு, ஊரில் உள்ள சிவப்பெல்லாம் இன்றைக்கு என் கண்ணில்தான், தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டி "இந்தா, இந்த மூடியைக் கொஞ்சம் திற" என்றார், கோபத்தோடே திருகித் திறந்து கோபத்தோடே நீட்டினேன், இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார், மடியெல்லாம் சிந்தினார், அதற்கும் திட்டினேன்.

அந்தக் கைகள்தான். அந்தப் படத்தின் சனியனே அந்தக் கைகள்தான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், கட்டம் போட்ட சட்டை, காதில் முடி, எல்லாம் இரண்டே வாரத்தில் வந்துவிட்டது, கைகள் வரவில்லை. நான் வரையத் தெரியாதவளா? மடியில் இரண்டு கை, அவ்வளவுதானே? முதல் தடவை வரைந்தேன், இரும்புத் தூள் ஏறிய நகம், கட்டை விரலில் பழைய வெட்டு, எல்லாம் சரியாக வந்தது, முகாமுக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தால் வேறு கை! விரல் கணு பருத்திருக்கிறது, மோதிரத்தைக் காணோம், இறுக்கிப் பிடிக்கிறதென்று கழற்றி வைத்துவிட்டாராம். டர்பன்டைன் துணியால் துடைத்தேன், மறுபடி வரைந்தேன், மறுபடி ஊர், மறுபடி வந்தால் சுட்டு விரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நாலு வருஷத்தில் ஐந்நூறு தடவை துடைத்திருப்பேன், சரி, பதினாறு தடவை. ஒரு மனிதருக்கு மூன்று வாரம் தன் கைகளை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளத் தெரியாதா? நான் திரும்பி வரும்வரைக்கும் பொறுக்காதா அந்த விரல்களுக்கு? கடைசியில் மடியில் வெறும் துணிதான் மிஞ்சியது, தேய்த்துத் தேய்த்துச் சாம்பல் படிந்த துணி, அதில் இரண்டு கரிக்கோடு, அதைத்தான் நடு ஹாலில் மாட்டி விளக்குப் போட்டிருக்கிறார்கள், என் முதல் தனிக் கண்காட்சியில், அறுபத்து நாலு வயதில் கிடைத்த முதல் தனிக் கண்காட்சியில், வருகிறவனெல்லாம் பார்த்துவிட்டு, பாவம், சாக்கடைக் குழாய் வரைந்த பொம்பளை, கை போடத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு போவான், போகட்டுமா? விடமாட்டேன்.

கேலரியில் காலை வைத்ததும் பெயின்ட் வாசனைக்கு மேலே என் குரல்தான் கேட்டது. எடுங்க அதை. கேலரிக்காரர், சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரி குத்தியிருந்தவர், அழாத குறையாக முன்னால் வந்தார். "மேடம், மேடம், காலைல ஒரு அம்மா பார்த்துட்டு நகரவே மாட்டேன்னுட்டாங்க. கையே வைக்காம விட்டீங்க பாருங்க, அது யாருக்கு மேடம் வரும்?" யாருக்கும் வராது ஐயா, எனக்குமே வரவில்லை, அதனால்தான் எடுங்க என்கிறேன். "நடுவுல வெறும் சுவராயிடுமே மேடம்." சுவரையே மாட்டுங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஏணியைக் கொண்டு வந்தார்கள், ஏணிக்காரர் ஒரு காலை முதல் படியில் வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார், என் வீட்டுக்காரர் அவர் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார், கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, ஒரே முகம் இரண்டு, ஒரே கட்டம் போட்ட சட்டை இரண்டு, அவருக்கும் கை இல்லை, படத்துக்கும் கை இல்லை, எனக்கு வந்த ஆத்திரத்தில் இவர்கள் எடுக்கிற வரைக்கும் பொறுப்பானேன் என்று நானே போய்ப் படச் சட்டத்தின் வலது ஓரத்தைப் பிடித்தேன்.

ஓரத்தில் ஒரு சிவப்பு.

துணி மடிந்து பின்னால் போகிற விளிம்பில், முன்னால் நின்று பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு கட்டை விரல் அகலத்துக்குச் சிவப்பு, கோடுகோடாக ரேகை, இந்தப் படத்தில் நான் ஒரு பொட்டுச் சிவப்புக்கூடத் தொட்டதில்லையே… பெட்டி. பெட்டியில் அப்பிய சிவப்பு. அன்றைக்குக் காலையில், ஆமாம், ஜன்னலைச் சாத்தப் போனேன், கீழே ஹார்ன், எட்டிப் பார்த்தேன், கார் கண்ணாடிக்கு வெளியே அவர் கை தொங்கிக்கொண்டிருந்தது, வெயிலில், வாம்மா வாம்மா என்று கதவைத் தட்டிக்கொண்டு, தட்டுகிற தாளம்கூட ஒழுங்காக இல்லை, அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பி… திருப்பினேன். நான்தான் திருப்பினேன். பார்த்தேன். எவ்வளவு நேரம்? அப்புறம் மின்விசிறியை நிறுத்தினது ஞாபகம் இருக்கிறது, குழாயை மூடினது, கதவைப் பூட்டி, அவருக்கு ஒரு சாவி போக என் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக் கைப்பையிலும் சிவப்பானது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது, படத்தை மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பினது மட்டும்… அவசரத்தில் மறந்தேன், ஹார்ன் அடித்தாரே, மறக்காமல் என்ன செய்வேன்? மறந்துதான் இருப்பேன். மறந்தேனா? முப்பத்தோரு வருஷத்தில் ஒரு குழாயை எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டதில்லை நான்.

அந்த ரேகை மேல் என் கட்டை விரலை வைத்தேன். பொருந்தியது.

"என்னம்மா, தூக்கச் சொல்லட்டுமா? நாலாகப் போவுது" என்றார் அவர், கோபமே இல்லாமல், விமான நிலையத்திலிருந்து இங்கு வரை அவர் தலையில் நான் கொட்டியதெல்லாம் வேறு யார் தலையிலோ விழுந்தது மாதிரி. கேலரிக்காரர் என் வாயைப் பார்த்தார், ஏணிக்காரர் என் வாயைப் பார்த்தார், வாய் நிறையக் கோபம் அப்படியே இருக்கிறது, முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் ஆளில்லை. ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றியது அவரிடம், எப்போதிலிருந்து உங்களால் மூடி திறக்க முடியவில்லை, இறுகிப்போன என் சாய டியூப் மூடிகளை எல்லாம் இத்தனை நாள் எந்தக் கையால் திறந்து கொடுத்தீர்கள், கேட்டால் சொல்லிவிடுவார், அதுதான் பயம்.

"பையிலேர்ந்து கையை எடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"எடுங்கன்னா எடுங்க."

எடுக்காமல் சிரித்தார். ஏணிக்காரர் இரண்டாம் படியில் காலை வைத்தார். "இருங்க" என்றேன், அவரிடமா, இவரிடமா, படத்திடமா என்று எனக்கே தெரியவில்லை.