ஆற்றங்கரையில் அடுக்கிய மரம்

சிலாங்கூர் மாநில நில ஆபீஸ் கொடுத்த பர்மிட்டை வைத்துத்தான் நான் கிள்ளானில் மரம் வெட்டினேன். பெடரல் காட்டிலாகா ரேஞ்சர் கைலாசம் அதை என் முகத்துக்கு நேரே கிழித்தான். "காடு எங்களோடது. மாநிலத்தான் காகிதம் இங்க செல்லாது" என்று மரத்தையெல்லாம் பறிமுதல் செய்து ஆற்றங்கரையில் அடுக்கினான்.

ஆற்றங்கரை மாநிலத்து நிலம். நேரே நில ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். மறுநாளே அவர்கள் வந்து, புகார் தீரும்வரை யாரும் தொடக்கூடாதென்று மரத்தைச் சுற்றி வேலி போட்டார்கள்.

மழை பிடித்ததும் கைலாசம் என் வீட்டுக்கே வந்தான். "புகாரை வாபஸ் வாங்கு, வீரபத்திரா. பாதி மரம் உனக்கு."

"வேணாங்க."

"உன் மரமும்தானய்யா மக்கிப்போகுது!"

"மக்கட்டும். தினம் அந்த வழியாத்தானே வேலைக்குப் போறீங்க? பாத்துக்கிட்டே போங்க."