தேமொழி கட்டமாகத் தெரிந்த காலம்

தேமொழி ராஜபாளையம் தாண்டினால் கட்டமாகத்தான் தெரிவாள். தே ஒரு கட்டம், மொ ஒரு கட்டம், ழி ஒரு கட்டம். நான்கு பக்கமும் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

தென்காசிப் பக்கம் வெள்ளைப்பாறையில், அவள் பிறந்து வளர்ந்த ஊரில், இந்தத் தொந்தரவு கிடையாது. அவளுடைய பிறப்புச் சான்றிதழை அந்த ஊர் டிடிபி கடையில், அந்த ஊர் எழுத்துருவில் அடித்து பிடிஎஃப் ஆக்கியிருந்தார்கள். எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிந்து வைக்காததால், அது இல்லாத ஊரில் எழுத்து வெறும் கட்டமாகத்தான் வரும். ஊரில் எல்லோரிடமும் அந்த எழுத்துரு இருந்ததால் எல்லோருக்கும் அவள் முழுசாகத் தெரிந்தாள்: மேடிட்ட நெற்றி, இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு, சிரித்தால் கொஞ்சம் ஈறு.

ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் வேலை கிடைத்துக் கிளம்பினாள். ராஜபாளையத்தில் டீ குடித்துவிட்டு ஏறி, பஸ் நகர்ந்ததும் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாள். மூன்று கட்டங்கள் இருந்தன. பக்கத்து சீட்டு அம்மாள் நகர்ந்து உட்கார்ந்து, கடைசிக் கட்டத்துக்கும் இடம் விட்டார்.

ஈரோட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்கள். டீ கொண்டுவருகிறவர் நடுக் கட்டத்துக்கு முன்னால் டம்ளரை வைத்துவிட்டுப் போவார். அவள் குரல் கேட்டது, கையின் அழுத்தம் தெரிந்தது. வேலை நடந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து வந்த லாரி டிரைவர் சின்னராசு மட்டும் முதல் நாளே ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏனுங் மேடம், காலை மடக்கறப்போ எந்தக் கட்டத்தப் பாக்கறதுங்க?"

அவள் யோசித்து, முதல் கட்டத்தைப் பார்க்கச் சொன்னாள். அவரும் பார்த்தார். ஆனால் கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. மறுநாளும் மடங்கவில்லை. அவர் சோம்பேறி இல்லை, வலிக்குப் பயந்தவரும் இல்லை. தேமொழிக்குக் காரணம் புரிந்தது. காலை எவ்வளவு மடக்கலாம் என்பதை நோயாளி முட்டியில் பார்ப்பதில்லை, மடக்கச் சொல்கிறவரின் முகத்தில் பார்க்கிறார். கட்டத்தில் அவருக்கு என்ன தெரியும்? 'இன்னும் கொஞ்சம்' என்பதும் தெரியாது, 'போதும்' என்பதும் தெரியாது.

நிர்வாகி தனபாக்கியம் ஒருநாள் அவளைக் கூப்பிட்டுத் தன்மையாகப் பேசினார். வேலையில் குறை இல்லை, ஆனால் கட்டமாக இருப்பவர்களை நிரந்தரம் செய்ய வழியில்லை, பொங்கலுக்குள் சரிசெய்துகொண்டால் நல்லது என்றார். முன்பு எக்ஸ்ரே பிரிவில் ஒருவர் வெறும் கேள்விக்குறிகளாக இருந்தாராம். அருமையான வேலைக்காரர்தானாம், ஓய்வுபெறும்வரை தற்காலிகமாகவே இருந்துவிட்டாராம்.

விடுதிக் கண்ணாடியிலும் கட்டங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடியோ காலில் வருவாள். அம்மாவின் போனில் எழுத்துரு இருந்ததால் அவளுக்கு மகள் ஒழுங்காகத் தெரிந்தாள். கன்னம் ஒட்டிப்போச்சே என்பாள், புருவத்துக்கு மேலே பரு வந்திருக்கே என்பாள். தேமொழி கையால் தடவிப் பார்த்துக்கொள்வாள். தன் முகத்தைப் பற்றி அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிறு அம்மா ஊர்க்கதை மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாள், தன் முகம் எப்படி இருக்கிறது என்று தேமொழிக்குத் தெரியாமலே போனது. அன்றைக்குத்தான் தேமொழி இதைச் சரிசெய்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மணிக்கூண்டுப் பக்கம் ஒரு மாடியில் 'பிடிஎஃப் எழுத்துக் கோளாறு பார்க்கப்படும்' என்று பலகை இருந்தது. கடை ரெஹானாவுடையது. ரெஹானாவுக்கும் அவள் வயதுதான் இருக்கும். கட்டங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு மறுபடி வரச் சொன்னாள். தேமொழி போய்விட்டு வந்தாள். மாற்றமில்லை. பாதிக் கோளாறு மூடித் திறந்தாலே போய்விடும், இது அந்த ரகம் இல்லை என்றாள் ரெஹானா. சிலநேரம் பார்க்கிறவரிடம் கோளாறு இருக்கும் என்று பக்கத்துத் தையல் கடைக்காரரை அழைத்துப் பார்க்கச் சொன்னாள். அவரும் மூன்று கட்டம் என்று சொல்லிவிட்டு, அளவெடுக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு கடையில் இருந்த வேறொரு எழுத்துருவை மாற்றாகப் போட்டுப் பார்த்தார்கள். கட்டம் போய் ஒரு பெண் தெரிந்தாள். நல்ல உயரம், எங்கேயோ பார்த்த முகம். ஆனால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தது. முன்னால் வரவேண்டியது பின்னால் வந்தது. அன்று மாலை தேமொழிக்குச் சாப்பிட்ட பிறகு பசித்தது. சின்னராசுக்கு முதலில் ஆறுதல் சொன்னாள், அப்புறம்தான் அவருக்கு வலித்தது. அவர் அதை நல்ல ஏற்பாடு என்றார். ஆனால் அம்மா வீடியோ காலில் வந்து, யாரம்மா நீ, தேமொழியைக் கூப்பிடு என்றாள். தேமொழி மறுநாள் காலையிலேயே போய் அதைக் கழற்றிவிட்டாள்.

இன்னொரு வழி இருந்தது. அவளைப் படமாக மாற்றிவிடலாம். முகம் அச்சு அசலாகத் தெரியும், எந்த ஊரிலும் மாறாது. ஆனால் அதன் பிறகு எதையும் திருத்த முடியாது, முடி வெட்டிக்கொள்ள முடியாது, வயதும் ஆகாது. பெயரைச் சொல்லித் தேடினால் அகப்படவும் மாட்டாள். ரெஹானா இதை மறைக்காமல் சொன்னாள். தேமொழி வேண்டாம் என்றாள்.

"அப்ப ஒண்ணுதாங்க பாக்கி. ஊருக்குப் போய் ஃபான்டை முழுசா உள்ள பொதிஞ்சுட்டு வந்துருங்க. பேர்ல இருக்கற மூணு எழுத்த மட்டும் பொதிஞ்சாப் பத்தாது. வேற வார்த்தை பேசறப்ப ஓட்டை விழும்."

தேமொழி லீவு போட்டுவிட்டு வெள்ளைப்பாறைக்குப் போனாள். டிடிபி கடையில் எழுத்துருவைத் திறந்து பார்த்தார்கள். 'பொதியக் கூடாது' என்ற இடத்தில் டிக் அடித்திருந்தது. அதை வரைந்தவர்தான் எடுக்க முடியும். வரைந்தவள் அருள்மேரி, சர்ச்சுக்குப் பின்னால் வீடு, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். தேமொழி போனபோது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அருள்மேரி இன்னொரு கொத்தை எடுத்து உருவி முடித்தாள். பிறகு சொன்னாள். பத்தொன்பது வயதில் வரைந்ததாம். அந்த வருஷம் சென்னையில் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பெட்டிகூட கட்டியாகிவிட்டது. வீட்டில் கடைசி நேரத்தில் அனுப்பவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் டிடிபி கடைக்குப் போய் அந்த டிக்கை அடித்துவிட்டு வந்தாள்.

"நான் போகலேல்லா. எனக்குப் பின்னால எம் எழுத்து மட்டும் எதுக்குப் போகணும்னு தோணிச்சு."

தேமொழியும் ஒரு கொத்தை எடுத்து உருவினாள். டிக்கை எடுத்துவிடுங்கள் என்று அவள் கேட்கவில்லை. கீரை முக்கால்வாசி முடிந்ததும் அருள்மேரியே கேட்டாள்.

"ஈரோடு எப்படிளா இருக்கு?"

தேமொழி சொன்னாள். காற்றில் மஞ்சள் வாசம் வரும், சில தெருக்களில் தறிச்சத்தம் ஓயாது, எந்தப் பேச்சின் முடிவிலும் ஒரு 'ங்' போடுவார்கள், திட்டினாலும் போடுவார்கள். அருள்மேரி சிரித்தாள். எங்கே, திட்டிக் காட்டு என்றாள். தேமொழி திட்டிக் காட்டினாள். அருள்மேரி கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு டிடிபி கடைக்கு நடந்தாள். டிக்கை எடுக்க ஒரு நொடிதான் ஆனது.

அன்று மத்தியானமே பொதிந்தார்கள். அருள்மேரி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, தேமொழி வாயில் வாங்கி விழுங்கினாள். உயிரெழுத்துகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. ஞௌ தொண்டையில் நின்றது, தண்ணீர் குடித்த பிறகு போனது. ஆய்த எழுத்து மூன்று கடுகு மாதிரி இறங்கியது. முடித்ததும் அருள்மேரி, ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் தனி, சிலர் வேண்டாம் என்பார்கள், உனக்கு எப்படி என்று கேட்டாள்.

"ஹ கண்டிப்பா வேணும்க்கா. அங்க ரெஹானான்னு ஒருத்தி இருக்கா."

திரும்பும்போது ராஜபாளையத்தில் பஸ் நின்றது, கிளம்பியது. தேமொழி உடனே ஜன்னலைப் பார்க்கவில்லை. ஊர் எல்லைப் பலகை பின்னால் போன பிறகுதான் திரும்பினாள். கண்ணாடியில் அவள் நெற்றி இருந்தது. தழும்பு இருந்தது. புருவத்துக்கு மேலே பரு ஆறியிருந்தது. மதுரை வரும்வரை அவள் வயல்வெளி எதையும் பார்க்கவில்லை. முழு எழுத்துருவையும் சுமந்ததால் எடை கூடியிருந்தது. திருமங்கலம் பாலத்தில் பஸ் கொஞ்சம் மூச்சு வாங்கியது. கண்டக்டர் வந்து அவளை மட்டும் நடு சீட்டுக்கு மாறி உட்காரச் சொன்னார்.

திங்கட்கிழமை சின்னராசு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலை மடக்கினார். பாதி வந்தது, தாண்டியது. அவள் புருவம் இன்னும் கொஞ்சம் என்றது, அவர் மடக்கினார். அவள் தலையசைத்ததும் நிறுத்தினார். குதிகால் தொடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இதுக்குத்தாங்க காத்திருந்தேன்" என்றார் சின்னராசு. அந்த மாதமே மறுபடி லாரி ஏறினார்.

தனபாக்கியம் வேலையை நிரந்தரம் செய்து, அவளுக்கு உறுதியான நாற்காலி ஒன்று போடச் சொன்னார். ரெஹானா தன் பெயரை அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஹ வரும் இடத்தில் அவள் முகம் துளிகூட மங்கவில்லை.

சித்திரையில் பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் அருள்மேரியிடமிருந்து போன் வந்தது. நான் வரலாமா என்று கேட்டாள். ராஜபாளையம் தாண்டி அவள் வருவது அதுதான் முதல் தடவை. அவளுக்கு எதையும் பொதிய வேண்டியிருக்கவில்லை, அவள் எழுத்து தேமொழியோடு அவளுக்கு முன்பே ஈரோடு வந்து சேர்ந்திருந்தது. தேமொழியும் ரெஹானாவும் பேருந்து நிலையத்தில் காத்திருந்தார்கள். கையில் சின்னப் பெட்டியோடு, ஒரு கோடுகூட விடுபடாமல் அருள்மேரி இறங்கினாள். அவளை முன்பின் பார்த்திராத, ஆனால் தேமொழியிடம் அவள் எழுத்தைப் பார்த்துப் பழகியிருந்த ரெஹானாதான் முதலில் அடையாளம் கண்டு கையசைத்தாள்.

மூன்று பேரும் அன்று பவானிக் கூடுதுறைக்குப் போனார்கள். காவிரி அன்று, பக்கம் திரும்பிப்போன பிடிஎஃப் மாதிரி, குறுக்குவாட்டில் திறந்திருந்தது. படுத்துக் கிடக்கும் ஆறு எழுந்து நின்று, தண்ணீர் வானத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. பரிசல்காரர் சேலையை இறுக்கிச் செருகிக்கொள்ளச் சொன்னார். தேமொழியை எடைக்காக நடுவில் உட்காரவைத்தார். அருள்மேரி விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். துடுப்புப் போட்டதும் பரிசல் மேலே ஏறத் தொடங்கியது. பாதி உயரத்தில் எதிரே மீன்கள் இறங்கி வந்தன. பரிசல்காரர் ஒதுங்கி அவற்றுக்கு வழிவிட்டுவிட்டு, மறுபடி துடுப்பைப் போட்டார்.