அண்ணன் சொன்னது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள ஒரு ஃபார்மசியில் புனிதா பதினோரு வருடமாக வேலை பார்த்துவந்தாள். இனிப்புநீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, மாத்திரை வாங்க வருபவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பமாட்டாள். அந்தப் புதன்கிழமையும் ஒரு அம்மாளிடம் கேட்டாள்.

"மெட்ஃபார்மின் எத்தனை வருசமா சாப்பிடுறீங்க ஆன்டி? கால் மரத்துப் போகுதா? டாக்டர்கிட்ட சொல்லி பி12 வைட்டமின் டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

"நான் சுத்த சைவம்மா. அதனால குறையுமா?"

"இந்த மாத்திரையும் சைவமும் சேர்ந்தா சீக்கிரமே குறையும்…" என்றவள், பாதிப் பேச்சில் நின்றுவிட்டாள்.

கிள்ளானில், அவள் வீட்டில், அண்ணன் பழனியப்பன் இருந்தார். மனைவி இறந்தபிறகு தங்கையோடு வந்து தங்கியவர். மீன், முட்டைகூடத் தொடமாட்டார். ஒன்பது வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்.

அவர் முன்பே சொல்லத்தான் செய்தார். "கால் பஞ்சை மிதிக்கிற மாதிரி இருக்கு புனிதா. நாக்கும் எரியுது." அவள் அப்போது கொமுட்டர் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். "நாள் முழுக்க சோபாவில உட்கார்ந்தா அப்படித்தான் இருக்கும்ண்ணே. நடங்க லா!"

அவரும் தங்கை பேச்சைக் கேட்டு நடந்தார். கல் குத்தி விரலில் ரத்தத்தோடு வந்தார். பார்த்து நடக்கக்கூடாதா என்று அதற்கும் திட்டு வாங்கினார். அப்புறம் அவர் எதையும் சொல்வதில்லை. போன மாதம் அடுப்பை அணைக்க மறந்தபோது, "எந்த நினைப்புல இருக்கீங்க?" என்று வேறு கத்தியிருந்தாள்.

மறுநாளே லீவு போட்டு அவரை கிளினிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் லோகேஸ்வரி அவரைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூடியதும் அவர் தள்ளாடினார். புனிதா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போலருந்து இப்படி இருக்கு அங்கிள்?"

"ரெண்டு மூணு மாசம் இருக்கும் டாக்டர்."

அது தப்பு என்று புனிதாவுக்குத் தெரியும். பேசாமல் இருந்துவிடலாம், அவருக்கே நினைவில்லை.

"இல்ல டாக்டர். ஒன்றரை வருசம் ஆச்சு. என்கிட்ட சொன்னாரு. நான்தான் காதுல போட்டுக்கல."

பழனியப்பன் திரும்பிப் பார்த்தார். "சொன்னேனாம்மா?" என்றார். அதில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை.

ரத்தத்தில் பி12 மிகவும் குறைந்திருந்தது. ஊசி போட ஆரம்பித்தார்கள். "மறதி, நாக்கு எரிச்சல் சரியாக வாய்ப்பிருக்கு. கால் எவ்வளவு தேறும்னு இப்ப சொல்லமுடியாது. ரொம்ப நாளா விட்டுட்டீங்க," என்றார் டாக்டர். ஆறுதலுக்குக்கூட வேறு மாதிரி சொல்லவில்லை.

நான்கு மாதத்தில் நாக்கு ஆறியது. பேச்சில் பழைய தெளிவு வந்தது. சுவரைப் பிடிக்காமல் நடந்தார். இடது கால் விரல்களுக்கு மட்டும் உணர்வு திரும்பவில்லை.

இப்போது தினமும் வேலை முடிந்து வந்ததும் புனிதா கீழே உட்கார்ந்து அவர் பாதத்தைத் தூக்கிப் பார்க்கிறாள். காயம் பட்டாலும் அவருக்குத் தெரியாதே.

"ஒண்ணுமில்லம்மா. போய் முகம் கழுவி டீ குடி."

"இருங்கண்ணே," என்று விரல்களுக்கு இடையிலும் விரித்துப் பார்க்கிறாள். பார்த்த இடத்தையே இன்னொரு முறை பார்க்கிறாள்.