சத்தமில்லாத லாரி

கென்யாவில், மாவ் மேட்டிலிருந்து நெடுஞ்சாலை இறங்கும் அடிவாரத்தில் மக்காச்சோளம் சுட்டு, டீ விற்கிறவர்களுக்குக் காதுதான் உயிர். லாரி உறுமிக்கொண்டு இறங்கினால் கியரில் இருக்கிறது, பயமில்லை. சத்தமில்லாமல் வந்தால், டீசல் மிச்சம் பிடிக்க எந்தப் புண்ணியவானோ நியூட்ரலில் விட்டிருக்கிறான் என்று அர்த்தம். பிரேக் தாங்காவிட்டால் கடையோடு போக வேண்டியதுதான். சத்தம் கேட்காவிட்டால் ஓடு. செரோனோ கடை போட்ட அன்றே கற்ற பாடம் இது.

அப்புறம் பச்சை பெயின்ட் அடித்த மின்சார லாரிகள் வந்தன. புகை இல்லை, நல்ல காரியம்தான். ஆனால் பாழாய்ப்போன சத்தமும் இல்லை. போதாக்குறைக்கு, கம்பெனி பழைய டீசல் லாரிகளுக்கும் அதே பச்சையை அடித்துவிட்டது. ஆரம்பத்தில் சந்தையே எழுந்து எழுந்து ஓடியது. பிறகு ஒவ்வொருத்தியாக நிறுத்திவிட்டாள், செரோனோவைத் தவிர.

"உக்காருடி. ஓட்டப்பந்தயத்துல மெடல் வாங்குற உங்க கலெஞ்சின் ஆளுங்களுக்கு ஓட ஒரு சாக்கு வேணும்!" என்பாள் பக்கத்துக் கடை வங்கேச்சி.

செரோனோவின் புருஷன் கிமுத்தாய் இன்னும் டீசல் லாரிதான் ஓட்டினான். குறைவாக டீசல் செலவழிக்கிறவனுக்கே அடுத்த மின்சார லாரி என்று கம்பெனி சொல்லியிருந்தது. அதைக் கேட்ட அன்றே செரோனோ அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்காக நியூட்ரல்ல விட்டுறாதய்யா. புள்ள மேல சத்தியம் பண்ணு."

"நான் என்ன கிறுக்கனா? புது வண்டி கைக்கு வந்த அன்னிக்கு மேட்டுலயே ஹாரன் அடிப்பேன். நீ டீயப் போட்டு வை."

சத்தியம் மட்டும் பண்ணவில்லை.

சந்தை நாளன்று சாலையோரம் நிரம்பி வழிந்தது. மேல் வளைவில் பச்சை லாரி ஒன்று தெரிந்தது. சத்தமில்லை. எழுந்து ஓடப் போன செரோனோ ஹாரன் கேட்டு நின்றாள். கிமுத்தாய் அடிக்கிற மாதிரியேதான், இரண்டு குட்டை, ஒரு நீளம்.

"கெடச்சிருச்சுடி உன் புருஷனுக்கு!" வங்கேச்சி கைதட்டினாள்.

செரோனோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முதல் தடவையாக, சத்தமில்லாத லாரி வரும்போது உட்கார்ந்தாள். கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

நீள ஹாரன் நிற்கவில்லை.

காற்று திரும்பியது. பிரேக் கருகும் நாற்றம். லாரியின் தலைக்கு மேலே, புகைக்குழாய்.

"டீசல் வண்டி! ஓடுங்கடி!" வங்கேச்சியின் கையைப் பிடித்து இழுத்தாள். சுற்றி ஒருத்தியும் எழவில்லை.

"ஆரம்பிச்சுட்டா," என்று கையை உருவிக்கொண்டு சிரித்தாள் வங்கேச்சி.