அரை ஜன்னல் ஸ்கிரீன்

பகல் தூக்கத்தின் விலை நாலே முக்கால் ரூபாய். அறுபத்தெட்டாம் வருஷம் மே மாதம், ஆவடி மார்க்கெட்டில், என் துணிக்கடையில் நானே போட்ட விலை. அதற்கு மேலும் வாங்கத்தான் பார்த்தேன், நடக்கவில்லை.

தூக்கம் தேவைப்பட்டது தசரதனுக்கு. ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் கட்டர் வேலை. ஐம்பது அறுபது துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, போட்ட கோடு பிசகாமல் மெஷின் கத்தியால் வெட்டுகிறவன். அவன் அப்பா பருத்திப்பட்டில் அடுத்தவர் நிலத்துக்கு வரப்பு வெட்டினார். மகன் சட்டைக்குக் கை வெட்டினான், மாதச் சம்பளத்தோடு.

அந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட். காலையில் குவார்ட்டர்ஸுக்கு வந்து படுத்தால் தூக்கம் கிடையாது. காரணம் ஜன்னல். கீழ்த்தளத்து வீடு, ஜன்னலுக்கு நேர் எதிரே பொதுக் குழாய். திறந்து வைத்தால், குடத்தோடு வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் அவன் வேடிக்கை. மூடி வைத்தால் அந்த அறை இட்லிப்பானை. முந்தின ராத்திரி கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிட்டதாம். அந்தக் கத்திக்குத் துணி எது, விரல் எது என்று தெரியாது. விடிந்ததுமே அவன் மனைவி பஞ்சவர்ணம் அவனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஜன்னலுக்கு ஸ்கிரீன் போடணும் அண்ணே. ஒரே ஜன்னல்தான்.”

பச்சையில் வெள்ளைக் கொடி ஓடுகிற பருத்தித் துணியை விரித்தேன். மீட்டர் இரண்டே முக்கால் என்றேன்.

“அம்பத்தூர்ல இதே துணிய ரெண்டு ரூபாய்க்குக் கேட்டுட்டு வந்தேன்.”

“நீ கேட்டே, சரி. அவன் குடுத்தானா?”

சிரித்துவிட்டாள். இரண்டரையில் முடிந்தது.

“ஜன்னல் அகலம் மூணு அடி, ஒசரம் நாலு,” என்றான் தசரதன்.

“அப்போ ரெண்டு அகலம் வேணும். ரெண்டு மீட்டர் எண்பது.”

“இன்னா அண்ணாத்தே, ஜன்னலும் மூணு அடி, ஒன் துணியும் மூணு அடி. அளவெடுத்து நெய்ஞ்சா மாரி கீது. அப்பால எதுக்கு இன்னொரு துண்டு?”

“சுருக்கம் விழணும்பா. ஸ்கிரீனுக்கு ஜன்னலைப் போல ரெண்டு பங்கு துணி. மடிப்பு மடிப்பா நின்னாத்தான் மறைக்கும். பார்க்க லட்சணமும் அதுலதான்.”

“கம்பெனில அரை இஞ்ச் வீணாப் போனா எங்க மேஸ்திரி மூணு நாளு மூஞ்சத் தூக்கி வச்சிக்குவாரு. நீ மூணு அடிய வீணாக்கச் சொல்றே.”

அவன் கணக்கில் தப்பில்லை, சட்டைக்கு. சட்டை ஆளோடு அளவாக நிற்க வேண்டும். ஸ்கிரீன் அப்படி நின்றால் அது வெறும் துணி. இதை எடுத்துச் சொன்னால் வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்பான். வியாபாரத்துக்காகத்தான் சொன்னேன். ஆனாலும் உண்மை.

ஒரு மீட்டர் நாற்பது வெட்டிக் கொடுத்தேன், மூன்றரை ரூபாய். பக்கவாட்டில் மடித்துத் தைத்தால் அகலம் குறையும் என்று துணியின் கரையையே ஓரமாக விட்டு, மேலும் கீழும் மட்டும் தைத்து, கயிற்றில் கோத்து அவனே கட்டினானாம். ஒரு நூல் வீணாகவில்லை.

நாலாம் நாள் பஞ்சவர்ணம் மட்டும் வந்தாள். பையில் அந்த ஸ்கிரீன்.

“இன்னாம்மா, சாயம் போச்சா?”

“மானம் போச்சு அண்ணே. ஏரிக் காத்து ஒரு அடி அடிச்சுது, மொத்தத் துணியும் பலகையாட்டம் மேல போயி நின்னுகிச்சு. பக்கத்து ஊட்டு முத்தம்மா குழாயாண்ட நின்னுகினு கேக்குறா, ‘இன்னாடி, ஒங்க ஊட்ல தெனம் கொடி ஏத்துறீங்களா, நாங்க சல்யூட் அடிக்கணுமா’ன்னு. அவரு வாயத் தொறந்துகினு தூங்குனத லைன்ல இருந்த அத்தினி பேரும் பாத்துட்டாங்க.”

“கீழே ஆணி அடிக்கிறதுதானே?”

“அடிச்சாரு, நாலு மூலைக்கும். காத்தும் நின்னுபோச்சு. அதுக்குக் கதவையே சாத்தி வச்சிருக்கலாம். நேத்தும் தூங்காமத்தான் ஷிப்டுக்குப் போனாரு.”

ஒப்புக்கு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பச்சைத் துணியை இறக்கினேன். “அன்னிக்கே சொன்னேன். இன்னொரு ஒண்ணு நாற்பது…”

“கத்திரிய வையி அண்ணே.”

ஸ்கிரீனை என் மேஜைமேல் விரித்து, குறுக்கே சரிபாதியாக மடித்தாள்.

“எங்க ஊடு மூணு படி ஒசரம். தெருவுல நிக்கிறவங்களுக்குக் கீழ்ப்பாதி ஜன்னல்லதான் ஆளு தெரியும். மேல்பாதில லைட்டும் ஒட்டடையும்தான். பாத்துட்டுப் போவட்டும். கீழ்ப்பாதிய மட்டும் மறைச்சா இது ரெண்டு துண்டாச்சு. பக்கத்துல பக்கத்துல ஒட்டுனா ஆறு அடி. நீ சொன்ன ரெண்டு பங்கு வந்துடுச்சா? காத்து மேல்பாதியா வந்துட்டுப் போவுது.”

டேப்பை வைத்துப் பார்த்தேன். துண்டுக்கு எழுபது சென்டிமீட்டர். அரை ஜன்னல் உயரம் போக, மேலும் கீழும் மடிக்கவும் இருந்தது. என் டேப்பே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று.

“இது தசரதன் யோசனையா?”

“அவரு வெட்றவரு. கோடு போட்டுக் குடுத்தா வெட்டுவாரு.”

கையில் எடுத்த துணியைச் சுருட்டி மேலே வைத்தேன். கயிறு தொய்யும் என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஸ்பிரிங் கம்பி ஒன்றை ஒன்றேகால் ரூபாய்க்கு விற்றேன். மாட்டுகிற கொக்கி இரண்டையும் அதிலேயே சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

“இதுவும் காத்துக்குத் தூக்குமா அண்ணே?”

கல்லாவுக்கு அடியில் என் அப்பாவின் தகர டப்பா ஒன்று இருந்தது. நயா பைசா நாலு வருஷம் தாங்காது, பழைய காசு திரும்ப வந்தே தீரும் என்று அவர் சேர்த்து வைத்த ஓட்டைக் காலணாக்கள். எட்டை எண்ணி வைத்தேன்.

“அடி மடிப்புல சாணுக்கு ஒண்ணு. ஓட்டையில நூலைக் கோத்துத் தைச்சிடு. எழும்பாது.”

“எவ்ளோ?”

“ரெண்டணா.”

“செல்லாத காசுக்குக் காசு கேக்குறியே.”

“செல்லாத காசாவே குடு.”

“என்னாண்ட ஏது?”

“அப்போ எழுதிக்கிறேன்.”

அடுத்த வாரம் ஒரு பகலில் குவார்ட்டர்ஸ் பக்கம் போக வேண்டியிருந்தது. அந்த ஜன்னல் கதவு இரண்டும் அகலத் திறந்திருந்தன. கீழ்ப்பாதியில் பச்சைத் துணி கொசுவம் வைத்த மாதிரி நெருங்கி நின்று, காற்றுக்கு லேசாக உப்பித் தணிந்தது. மேல்பாதி வெட்டவெளி. வரிசையில் இருந்த பத்து வீடுகளில் அது ஒன்றுதான் யாரோ ஆசைப்பட்டுக் கட்டிய வீடு போல இருந்தது.

குழாயடியில் இருந்த முத்தம்மாள் என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தாள்.

“மெல்லப் பேசு நைனா. ஆளு தூங்குறாரு.”

“தெரியுதா?”

“ஆளு தெரியல. கொறட்டதான் கேக்குது. அதுக்கும் ஒரு துணி வச்சிகிறியா ஒன் கடைல?” குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “எனக்கும் அதே மாரி வோணும். அரை ஜன்னலுக்குத்தான், ஆமா. முழுசுக்கு வெட்டி வச்சிடாத.”

கடைக்குத் திரும்பிப் பேரேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை ஒரு தரம் பார்த்தேன்.

பஞ்சவர்ணம், குவார்ட்டர்ஸ். துணி மீட்டர் ஒன்று நாற்பதுக்கு ரூபாய் மூன்றரை. ஸ்பிரிங் ஒன்றேகால். ஆக நாலே முக்கால், ரொக்கம் வரவு. ஓட்டைக் காலணா எட்டு, இரண்டணா, பாக்கி.